எந்தத் தாளில் எழுதுவது?
பிறருக்காகச் செபிப்பது பற்றி ஒரு சிந்தனை

நவம்பர் மாதம் நெருங்கும்போது எமது பங்குகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆலய வாசலில் ஒரு மேசை போடப்படும். அதன் மேல் வெள்ளைத் தாள்கள் வைக்கப்படும். ஒவ்வொரு குடும்பமும் தம்மில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்கும். நவம்பர் 2ஆம் திகதி, இறந்த விசுவாசிகள் அனைவரையும் திருச்சபை நினைவுகூரும் நாளிலே, அந்தத் தாள்கள் பீடத்தின் அருகில் வைக்கப்படும். பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வாவிக்கு அப்பால் படுவான்கரையிலுள்ள ஒரு சிறிய ஆலயத்தில் அந்த மேசையருகே நான் இருந்தேன். வயது முதிர்ந்த தாய் ஒருவர் வந்தார். அவருக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தாய், தகப்பன், கணவன், 1978ஆம் ஆண்டுச் சூறாவளியில் இறந்த கைக்குழந்தை. நான்கு பெயர்களும் எழுதியாயிற்று. ஆனால் அவர் போகாமல் நின்றார்.

"சுவாமி, மூத்தவன்ட பேரை எந்தத் தாளில எழுதுற?"

"மூத்த மகன் எப்ப செத்தவர் அம்மா?"

"செத்த எண்டு ஆர் சொன்ன? தொண்ணூறாம் ஆண்டு கூட்டிக்கொண்டு போன. இன்னும் வரல்ல."

நான் சற்று யோசித்தேன். பின்னர், "இவ்வளவு காலமாகிவிட்டதே அம்மா, இறந்தவர்களின் தாளிலேயே எழுதுவோம். அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிப்போம்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "அப்ப நானே அவனைச் சாகக் குடுத்த மாதிரி ஆகும், சுவாமி" என்று சொல்லிவிட்டு மெல்ல வெளியே போய்விட்டார்.

பிறருக்காக மன்றாடுவது பற்றிக் குருமடத்தில் ஆண்டுக்கணக்காகப் படித்தவன் நான். அதைப் பற்றி மறையுரைகளும் ஆற்றியவன். ஆயினும் ஒரு தாய் தன் மகனுக்காக எப்படிச் செபிப்பது என்று கேட்டபோது தவறான பதிலைச் சொன்னேன். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

கட்டிலைச் சுமந்த நால்வர்

பிறருக்காகச் செபிப்பது என்றால் என்ன? கடவுளுக்குத் தெரியாத செய்தியை நாம் அவருக்குத் தெரியப்படுத்துகிறோமா? இரக்கமற்ற ஒருவரை மன்றாடி இரங்க வைக்கிறோமா? இரண்டுமல்ல. எமது தேவைகளை நாம் கேட்குமுன்னரே தந்தை அறிந்திருக்கிறார் என்பது ஆண்டவரின் போதனை (மத் 6:8). அப்படியானால் எதற்காக மன்றாட வேண்டும்?

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் இதற்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. முடக்குவாதமுற்ற ஒருவனை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். வீட்டு வாசலில் சனக்கூட்டம். வழியில்லை. அவர்கள் கூரையைப் பிரித்து அவனைக் கட்டிலோடு இறக்குகிறார்கள். இயேசு அந்த நோயாளியின் விசுவாசத்தைக் கண்டார் என்று மாற்கு எழுதவில்லை. சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டார் என்றே எழுதுகிறார். அந்த நால்வரும் எதையும் பேசியதாக நற்செய்தியில் இல்லை. அவர்களுடைய மன்றாட்டு அவர்களுடைய தோளிலும் கைகளிலும் இருந்தது.

பிறருக்காகச் செபிப்பது என்பது ஒருவரைச் சுமந்துகொண்டு கடவுள்முன் போய் நிற்பதாகும். நடக்க முடிந்தவனை யாரும் சுமக்கத் தேவையில்லை. துயரத்தால் செபிக்க முடியாதவன், நம்பிக்கை வற்றிப்போனவன், எங்கே இருக்கிறான் என்றே தெரியாதவன் ஆகியோருக்காகத்தான் மற்றவரின் தோள் தேவைப்படுகிறது.

விவிலியம் முழுவதிலும் இதைக் காண்கிறோம். சோதோம் நகருக்காக ஆபிரகாம் ஐம்பதிலிருந்து பத்து வரை இறங்கி இறங்கிப் பேரம் பேசுகிறார் (தொநூ 18). அது அவருடைய ஊருமல்ல. மலையுச்சியில் மோசேயின் கைகள் சோர்ந்தபோது ஆரோனும் கூரும் இருபுறமும் நின்று தாங்குகிறார்கள் (விப 17). மற்றவர்களுக்காகச் செபிப்பவனையும் யாராவது தாங்கவேண்டியிருக்கிறது. ஆண்டவரே தம் பாடுகளுக்கு முந்திய இரவில், சீமோனின் விசுவாசம் தளராதபடி தாம் மன்றாடியதாக அவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கூறுகிறார் (லூக் 22:31-32). அன்றிரவே பேதுரு மறுதலிப்பார் என்பதையும் அறிந்துகொண்டுதான் அவ்வாறு மன்றாடினார்.

புத்தகத்து மன்றாட்டும் எமது மன்றாட்டும்

தொடக்கத் திருச்சபை பிறருக்கான மன்றாட்டைத் திருவழிபாட்டின் பகுதியாகவே கொண்டிருந்தது. ஏறத்தாழ கி.பி. 155இல் உரோமையில் எழுதிய புனித யுஸ்தினார், ஞாயிறு வழிபாட்டில் மறையுரைக்குப் பின்னர் எல்லோரும் ஒன்றாக எழுந்து நின்று செபித்ததைக் குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் இந்தப் பொது மன்றாட்டு வழக்கொழிந்து, பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டில் மட்டும் எஞ்சியது. 1963 டிசம்பரில் வெளியான 2ஆம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய ஏடு அதனை மீண்டும் ஞாயிறு திருப்பலிக்குக் கொண்டுவந்தது (எண் 53). திருச்சபைக்காக, நாட்டை ஆள்பவர்களுக்காகவும் உலகின் மீட்புக்காகவும், துன்பச் சுமை தாங்குவோருக்காக, அந்தந்த ஊர்ச் சமூகத்துக்காக என்பதே அதன் ஒழுங்கு.

அப்படி மீட்டுத் தரப்பட்டதை நாம் என்ன செய்திருக்கிறோம்? பல ஆலயங்களில் ஒருவர் புத்தகத்தைத் திறந்து நான்கு மன்றாட்டுக்களை வாசிக்கிறார். எந்த நாட்டிலோ, எந்த ஆண்டிலோ யாரோ எழுதியவை அவை. அந்த வாரம் எமது ஊரில் வெள்ளம் வந்திருக்கும், ஒரு மீனவர் வாவியில் மூழ்கியிருப்பார், கடன் கொடுத்த கம்பனிக்காரர் வாசலில் வந்து நின்றதால் ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருப்பார். இவை எதுவும் மன்றாட்டில் இராது. எல்லோரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லிவிட்டு அமர்கிறோம்.

இன்னொரு பிழையும் உண்டு. மன்றாட்டையே ஈட்டியாக எறிவது. "குடிப்பழக்கத்துக்கு அடிமையான கணவன்மாருக்காக" என்று வாசிக்கும்போது கண்கள் ஒருவரை நோக்கித் திரும்பினால் அது செபமல்ல. ஒருவரின் நோயையும் கடனையும் அவரைக் கேளாமல் மைக்கில் அறிவிப்பதும் செபமல்ல, வம்பு. யாருடைய துன்பத்தைச் சொல்லப்போகிறோமோ அவரிடம் முதலில் போய் இருந்து கேட்க வேண்டும். அப்படிக் கேட்கப் போவதே அரைச் செபம்.

வாவிக்கரையில் வாழும் நாம் இதை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். மாரியில் வாவி நிரம்பினால் வயல்கள் மூழ்கும். முகத்துவாரத்தை உடனே வெட்டிவிட வேண்டும் என்று விவசாயி மன்றாடுகிறான். வெட்டினால் வாவியில் வளர்ந்த இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்று மீனவன் அஞ்சுகிறான். இருவரும் ஒரே ஆலயத்தில், ஒரே கடவுளிடம், ஒன்றுக்கொன்று எதிரானதைக் கேட்கிறார்கள். ஒருமுறை ஒரு செபக் கூட்டத்தில் விவசாயிகளிடம் மீனவருக்கான மன்றாட்டையும், மீனவர்களிடம் விவசாயிகளுக்கான மன்றாட்டையும் எழுதித் தருமாறு கேட்டோம். முதலில் சிரித்தார்கள். பின்னர் ஒருவரிடம் ஒருவர் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். எத்தனை ஏக்கர் மூழ்கியது, விதைநெல்லுக்கு என்ன செய்தாய், இந்தப் பருவத்தில் வலைக்கு எவ்வளவு கடன் என்றெல்லாம். அன்று மன்றாட்டுக்கள் குறுகியவையாகவே அமைந்தன. ஆனால் அவை உண்மையானவை.

மழைக்காக மன்றாடியவர்

எமது நாட்டின் முதற் புனிதரான யோசவ் வாஸ் அடிகளார் இவ்வகையில் எமக்கு ஆசிரியர். கோவாவிலிருந்து 1687இல் இலங்கைக்கு வந்த அவர், ஒல்லாந்தரின் தடையினால் மறைந்து மறைந்து பணியாற்றினார். கண்டியில் ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். 1696இல் கண்டியைக் கொடிய வரட்சி வாட்டியபோது, மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரிடமும் மழைக்காக மன்றாடும்படி கேட்டான் என்றும், அவர் பொதுவெளியில் சிலுவையை வைத்து மன்றாட மழை பொழிந்தது என்றும் வரலாற்று மரபு கூறுகிறது.

அற்புதத்தை நாம் பெரிதாகப் பேசுகிறோம். ஆனால் அவர் யாருக்காக மன்றாடினார் என்பதைக் கவனிப்பதில்லை. தம்மைச் சிறைவைத்த அரசுக்காகவும், தம்முடைய சமயத்தைச் சேராத மக்களின் வயல்களுக்காகவுமே மன்றாடினார். அடுத்த ஆண்டு, 1697இல், கண்டியில் பெரியம்மை பரவியது. சனங்கள் நோயாளரைக் கைவிட்டு ஓடினார்கள். வாஸ் அடிகளார் ஓடவில்லை. தம் மருமகனான யோசவ் கர்வாலோ அடிகளாருடன் வீடு வீடாகச் சென்று நோயாளரைக் கழுவி, உணவூட்டி, இறந்தவரை அடக்கம் செய்தார். மழைக்காக விரித்த அதே கைகள்தான் புண்ணைக் கழுவின. 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

உடையும் உணவும் இல்லாதவனிடம் வெறும் வாழ்த்தைச் சொல்லி அனுப்புவதால் பயன் என்ன என்று புனித யாக்கோபு கேட்கிறார் (யாக் 2:15-16). "உங்களுக்காகச் செபிக்கிறேன்" என்ற வார்த்தையும் அத்தகைய வெறும் வாழ்த்தாகிவிடக் கூடும். நானும் எத்தனையோ பேரிடம் வாசலில் வைத்து அப்படிச் சொல்லிவிட்டு, சைக்கிளில் ஏறி வளைவு திரும்புமுன் மறந்திருக்கிறேன்.

வாவியின் இரு கரைகளும்

1990ஆம் ஆண்டை எமது மாவட்டம் மறக்க முடியாது. ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் சகோதரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. செப்டம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் அயற் கிராமங்களிலும் நூற்றெண்பதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். குழந்தைகளும் முதியோரும் அவர்களில் அடங்குவர்.

இவற்றுக்கிடையே ஆகஸ்ட் 15ஆம் திகதி, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்ட இயேசு சபைத் துறவி யூஜின் ஹீபர்ட் அடிகளாரும், அவருடன் வந்த பேர்ட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ் இளைஞரும் காணாமற்போனார்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்து இளவயதில் வந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எமது கிழக்கில் வாழ்ந்து, எமது பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டமும் கைத்தொழிலும் கற்பித்தவர் அவர். இன்றுவரை இருவரின் உடல்களும் கிடைக்கவில்லை. எங்கள் குருக்களிலும் ஒருவர் அந்தத் தாயின் மகனோடு அதே வரிசையில்தான் நிற்கிறார்.

அவருடைய சபைச் சகோதரரான ஹரி மில்லர் அடிகளார், 2023இல் காலமானவர், மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்தவர். கைதானவர்கள், காணாமற்போனவர்கள் பற்றிய விபரங்களை ஆண்டுக்கணக்காகப் பதிவு செய்தவர். தாய்மார் வந்து சொல்லச் சொல்லப் பெயர், ஊர், திகதி என்று எழுதிக்கொள்வதை சிலர் மனித உரிமைப் பணி என்பர். அதுவும் மன்றாட்டுத்தான் என்பேன். ஒரு பெயர் அழிந்துபோக விடாமல் கடவுள்முன்னும் மனிதர்முன்னும் பிடித்துக்கொண்டு நிற்பது வேறென்ன?

இங்கே ஒரு கடினமான கேள்வியைக் கேட்டாக வேண்டும். நாம் யாருடைய பெயரைச் சொல்வதில்லை? எமது கிராமத்தில் இறந்தவர்களுக்காக ஆண்டுதோறும் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். காத்தான்குடியில் இறந்தவர்களுக்காக எத்தனை முறை மன்றாடியிருக்கிறோம்? 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற பிள்ளைகளும் மாண்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக நாம் அழுதோம், மன்றாடினோம். அதே வாரத்தில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பயத்தோடு இருந்த குற்றமற்ற முஸ்லிம் குடும்பங்களுக்காக எத்தனை ஆலயங்களில் மன்றாட்டு எழுந்தது?

பகைவருக்காகவும் துன்புறுத்துவோருக்காகவும் மன்றாடச் சொன்ன ஆண்டவர் (மத் 5:44), சிலுவையில் அதைச் செய்தும் காட்டினார். இதைச் சொல்வது இலகு. மகனைக் கொண்டுபோனவனுக்காகச் செபியுங்கள் என்று அந்தத் தாயிடம் போய்ச் சொல்ல எனக்குத் துணிவில்லை, உரிமையும் இல்லை. அவர் செபிக்க முடியாத இடத்தில் அவருக்காக நாம் செபிக்கலாம். கட்டிலின் ஒரு காலை நாம் பிடிக்கலாம். மன்னிப்பை அவர்மேல் சுமத்த முடியாது.

மூன்றாவது தாள்

அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டில் இரண்டு நினைவுகள் உண்டு. உயிரோடிருப்பவர்களின் நினைவு முதலில் வரும், இறந்தவர்களின் நினைவு பின்னர் வரும். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவர்களை எங்கே வைப்பது?

அரசின் சட்டமும் நீண்ட காலம் இதே சிக்கலில் கிடந்தது. காணாமற்போனவரின் குடும்பம் காணியை மாற்றவோ, வங்கிப் பணத்தை எடுக்கவோ வேண்டுமானால் மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டியிருந்தது. பல தாய்மார் மறுத்தார்கள். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பின்னரே, இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமல், காணக்கிடைக்கவில்லை என்று கூறும் சான்றிதழ் ஒன்றைப் பெற வழி பிறந்தது. அச்சான்றிதழ் உண்மையைக் கண்டுபிடித்துத் தராது, நீதியும் வழங்காது. ஆயினும் ஒரு தாயைப் பொய் சொல்ல வற்புறுத்தாது. சட்டமே அந்த அளவுக்கு இரங்கியிருக்க, திருச்சபை இரங்கலாகாதா?

ஒரு வாரம் கழித்து அவருடைய வீட்டுக்குப் போனேன். நான் சொன்னது பிழை என்றேன். கடவுள் வாழ்வோரின் கடவுள், அவருக்கு எல்லோரும் உயிருள்ளவர்களே என்று ஆண்டவர் சொல்லியிருப்பதை (லூக் 20:38) நினைவூட்டினேன். மகன் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது, தந்தைக்குத் தெரியும். எதைக் கேட்பதென்று நாம் அறியாதபோது ஆவியானவரே எமக்காகப் பெருமூச்சுடன் பரிந்து பேசுகிறார் (உரோ 8:26). ஆகவே மகனுடைய பெயரை இறந்தவர் தாளிலும் எழுத வேண்டாம், மற்றதிலும் எழுத வேண்டாம். வேறொரு தாள் வைப்போம் என்றேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பின்னர், "முழுப் பேரையும் எழுதுங்க சுவாமி" என்றார்.

அந்த ஆண்டிலிருந்து அவ்வாலயத்தில் மூன்றாவது தாள் ஒன்று இருக்கிறது. நவம்பரில் மட்டுமல்ல, மாதத்தின் முதல் ஞாயிறு மன்றாட்டிலும் அந்தப் பெயர்கள் வாசிக்கப்படும். முதலில் ஒரு பெயர். பின்னர் ஏழு. பிறகு அயலிலுள்ள சைவக் குடும்பத்துப் பெண் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, தன் கணவனின் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டார். சேர்த்தோம். வாசிப்பதோடு நிறுத்தவில்லை. பங்கு இளைஞர் சிலர் அந்தக் குடும்பங்களின் ஆவணங்களை ஒழுங்குபடுத்தி, பிரதேச செயலகத்துக்கும் காணாமற்போனோர் அலுவலகத்துக்கும் அவர்களோடு கூடச் சென்றார்கள். வயதானவர்கள் வரிசையில் தனியே நிற்கக் கூடாது என்பதே நோக்கம்.

மகன் வரவில்லை. அதை மறைப்பதற்கில்லை. எந்தப் பெயருக்கும் இதுவரை பதில் கிடைக்கவில்லை. ஆனால் முன்னர் அந்தத் தாய் தனியாகச் சுமந்ததை இப்போது ஒரு ஊர் சுமக்கிறது. அவர் கடந்த ஆண்டு இறந்துபோனார். அடக்கத்தின்போது அவருடைய பெயரை இறந்தவர் தாளில் நானே எழுதினேன். மகனுடைய பெயர் மூன்றாவது தாளில் அப்படியே இருக்கிறது. வாசிக்கச் சொல்லிக் கேட்க இப்போது வீட்டில் ஒருவரும் இல்லை. ஆகவே, அதை வாசிக்க வேண்டிய கடமை எங்களுடையதாயிற்று.

தாய்மார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போனபின் அந்தப் பெயர்களை யார் சொல்வது? வருகிற நவம்பரில் உங்கள் ஆலய வாசலில் மேசை போடும்போது, இன்னொரு தாளையும் வையுங்கள்.

சிந்தனைக்கும் செயலுக்கும் (சிறு குழுக்களில் கலந்துரையாட)

1. கடந்த ஞாயிறு எமது ஆலயத்தில் வாசிக்கப்பட்ட மன்றாட்டுக்களில் எமது ஊரைப் பற்றியது எத்தனை? அவற்றை யார் எழுதினார்கள்?

2. "உங்களுக்காகச் செபிக்கிறேன்" என்று அண்மையில் யாரிடம் சொன்னோம்? அதன்பின் அவரைப் போய்ப் பார்த்தோமா?

3. எமது மன்றாட்டுக்களில் ஒருபோதும் இடம்பெறாத அயலவர்கள் யார்? அவர்களுக்கான ஒரு மன்றாட்டை எழுதுமுன் அவர்களில் ஒருவரைச் சந்தித்துப் பேச முடியுமா?

4. எமது பங்கில் காணாமற்போனவர்களின் குடும்பங்கள் எத்தனை? அவர்களுடைய கடிதங்கள், சான்றிதழ்கள் தொடர்பாக யார் அவர்களுக்கு உதவுகிறார்கள்?